பாமிர் வழியாக மங்கோலியா வரை டீசல் பிக்கப்: நடுவழியில் நின்றால் நாமே சமாளிக்க என்னென்ன தேவை?

நெடுவழியன் (கேள்வி)

வணக்கம். அடுத்த கோடையில் நானும் என் மனைவியும் எங்கள் டீசல் பிக்கப்பில் ஒரு நீண்ட பயணம் செல்லவிருக்கிறோம். கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து பாமிர் நெடுஞ்சாலை வழியாகத் தஜிகிஸ்தானின் கோரோக் வரை சென்று, எல்லை நிலவரம் இடம்கொடுத்தால் அதே வழியில் திரும்பி, பின்னர் கஜகஸ்தானையும் ரஷ்யாவின் அல்தாய் பகுதியையும் கடந்து மேற்கு மங்கோலியாவுக்குள் நுழைவதாகத் திட்டம். ஓஷிலிருந்து கோரோக் வரை மட்டுமே ஏறத்தாழ 730 கி.மீ. தூரம், இடையில் முர்காபை விட்டால் ஊர் என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு.

வண்டி 2017ஆம் ஆண்டு மாடல். 2.8 லிட்டர், டர்போ பொருத்திய காமன் ரெயில் எஞ்சின் (உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா நாசில்களுக்கும் பிரித்தளிக்கும் வகை). புகைக்குழாயில் டிபிஎஃப் எனப்படும் கரித்துகள் வடிகட்டி உண்டு. யூரியா கரைசல் ஊற்றும் டேங்க் கிடையாது. இதுவரை 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, பஞ்சர் அடைப்பது ஆகியவற்றை நானே செய்துகொள்வேன். அதற்கு மேல் கைப்பழக்கம் இல்லை.

எடுத்துச் செல்வதற்காக டைனமோ, செல்ஃப் மோட்டார், வாட்டர் பம்ப், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாசில்கள் இரண்டு, டர்போ, பெல்ட்டுகள், ஓஸ்கள் என்று சேர்த்துக்கொண்டே போனேன். கருவிகளோடு சேர்த்து எடைபோட்டபோது 160 கிலோவைத் தாண்டிவிட்டது. "இன்னொரு வண்டியைப் பிரித்து மூட்டை கட்டியிருக்கிறீர்கள்" என்று மனைவி சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. இவற்றுள் எது உண்மையில் தேவை, எதை விட்டுவிடலாம்? அங்கே கிடைக்கும் டீசலில் கந்தகம் அதிகமாக இருக்கலாம் என்பதால் டிபிஎஃப்பைக் கழற்றிவிட்டுச் செல்லும்படி ஒருவர் சொன்னார். அது சரியான யோசனையா?

எண்ணெய்க்கை (பதில்)

அன்புள்ள நெடுவழியன், டர்போவையும் நாசில்களையும் முதலில் மூட்டையிலிருந்து இறக்கிவையுங்கள். இத்தகைய எஞ்சின்களில் நாசிலை மாற்றினால் அதன் குறியீட்டு எண்ணை எஞ்சினின் கணினியில் ஏற்ற வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், புழுதி பறக்கும் சாலையோரத்தில் அந்த இணைப்பைத் திறப்பது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல்துகள் உள்ளே போனாலும், புதிய நாசில் பழையதன் கதியையே அடையும். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது பழுதானால் வண்டி நின்றுவிடுமா, நின்றால் வெட்டவெளியில் என் கையால் இதை மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வராத எதையும் சுமக்க வேண்டியதில்லை.

நான் பார்த்தவரை, ஆளரவமற்ற இடத்தில் டீசல் வண்டி நிற்பதற்குப் பெரும்பாலும் அது குடித்த டீசல்தான் காரணம். காமன் ரெயில் அமைப்பில் டீசல் 1,600 முதல் 2,000 பார் வரையான அழுத்தத்தில் ஓடுகிறது. அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்ப்புக்கு மசகும் அதே டீசல்தான். அதில் தண்ணீர் கலந்துவிட்டால் மசகு போய்விடும், உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசும், உதிர்ந்த பொடி குழாய்களிலும் நாசில்களிலும் பரவும். அந்த நிலைக்கு வந்த வண்டியைச் சாலையோரத்தில் யாராலும் மீட்க முடியாது. ஆகவே தண்ணீரும் தூசியும் அவ்வளவு தூரம் போகாமல் தடுப்பதில்தான் உங்கள் கவனம் முழுவதும் இருக்க வேண்டும்.

பம்ப்பு மீட்டர் இல்லாமல் பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் இடங்களில், டேங்கை நிரப்புவதற்கு முன் ஒரு லிட்டர் டீசலை ஒளி ஊடுருவும் பாட்டிலில் வாங்கிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். ஒருமுறை அப்படி வாங்கிய பாட்டிலின் அடியில் ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர் தெளிந்து நின்றதைப் பார்த்தேன். மேலே இருந்த டீசலோ பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. டீசல் கலங்கலாக, மங்கலாகத் தெரிந்தாலும் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். தண்ணீரைத் தடுக்கும் வலை பொருத்திய புனல் ஒன்றை வாங்கிக்கொண்டால் அது இந்தப் பயணத்தின் மிகப் பயனுள்ள பொருளாக இருக்கும்.

டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையே, அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணம் உள்ள ஒரு முன்ஃபில்டரைப் பொருத்துங்கள். அது 30 மைக்ரான் அளவில் இருந்தால் போதும். அதைவிட நுண்ணியதாக வைத்தால் பம்ப்பு டீசலை இழுக்கத் திணறும். கம்பெனி கொடுத்த ஃபில்டரில் ஆறும், முன்ஃபில்டரின் உள்கட்டையில் நான்கும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் எடை ஒரு டைனமோவின் எடைக்கு வராது.

ஃபில்டரை மாற்றியதும் டீசல் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும், அதை வெளியேற்ற வேண்டும், அதாவது ஏர் எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் திருகை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அழுத்தினால், முதலில் சோப்பு நுரை போலக் குமிழிகள் வரும். அவை நின்று, டீசல் கண்ணாடிக் கம்பி போல வழியத் தொடங்கும்போது திருகை இறுக்கிவிட்டு மேலும் அழுத்துங்கள். பம்பு கைக்குள் கல்லாக இறுகும்போது வேலை முடிந்தது. சில வண்டிகளில் பிளீட் திருகு இருக்காது. கைப்பம்பு மட்டும் இருக்கும், அல்லது சாவியைத் திருப்பினால் மின் பம்பே ஏரை வெளியேற்றிவிடும். உங்களுடையது எந்த வகை என்பதை வீட்டில் வைத்தே தெரிந்துகொள்ளுங்கள். பழைய எஞ்சின்களில் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து ஏர் எடுப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயிலில் ஒருபோதும் காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும். ஆனால் உடனடி அறுவை சிகிச்சை இல்லாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

டிபிஎஃப்பைக் கழற்றாதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, கணினி நிரலையும் மாற்றியாக வேண்டும். அவசரத்தில் எவரோ எழுதிய நிரலோடு 4,000 மீட்டர் உயரத்தில் எஞ்சினை ஓட்டுவது விவேகமல்ல. கந்தகம் மிகுந்த டீசல், புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியின் திறனைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அது வண்டியை நிறுத்திவிடாது. எஞ்சின் கணினியோடு பேசும் ஸ்கேன் கருவி ஒன்றை வாங்கி, அது உங்கள் மாடலில் டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்கும் கட்டளையைக் கொடுக்குமா என்று புறப்படுவதற்கு முன்பே செய்துபாருங்கள். கந்தகத்தின் இன்னொரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை: எரிந்த கந்தகம் அமிலமாகி எஞ்சின் ஆயிலின் காரத்தன்மையைத் தின்றுவிடும். டிபிஎஃப் வண்டிகளுக்கான ஆயிலில் அந்தக் காரத்தன்மை முதலிலேயே குறைவு. எனவே ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாதை (பதில்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். உயரத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் அதை மட்டும் எழுதுகிறேன்.

பாமிர் நெடுஞ்சாலையின் அக்பைத்தால் கணவாய் 4,655 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 57 சதவீதம்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 84 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல வண்டிகளில் எஞ்சின் நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்குவதே 82 டிகிரிக்கு மேல்தான் என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். ரேடியேட்டரில் உள்ள நீரைக் கொதிக்கவிடாமல் காப்பது மூடியில் உள்ள சிறிய ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும்தான். 1.1 பார் தாங்கும் மூடி சரியாக இருந்தால் அந்த உயரத்திலும் வெறும் தண்ணீர்கூட 110 டிகிரியைத் தாண்டும் வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சற்றுத் தாங்கும். வளையம் வெடித்த மூடி சமவெளியில் ஒரு குறையும் காட்டாமல் ஓடிவிட்டு, கணவாயின் கடைசி ஏற்றத்தில் காலைவாரும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. ரேடியேட்டர் பழுது, வாட்டர் பம்ப் பழுது, ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்து, இரண்டு மணி நேரம் வண்டியின் அடியில் படுத்துக் கிடந்தேன். கடைசியில் கருவிப்பெட்டியின் மூலையில் கிடந்த பழைய மூடியைப் போட்டதும் வண்டி ஏறிவிட்டது. புதிய மூடிகள் இரண்டு வாங்கி, ஒன்றைப் பொருத்திவிட்டு மற்றொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் தொடர்ச்சியாக ஓர் எச்சரிக்கை. ரேடியேட்டரில் சிறிய கசிவு இருந்தால் மூடியைப் பாதி தளர்த்திவைத்து அழுத்தத்தைக் குறைத்து ஓட்டும்படி அனுபவசாலிகள் சொல்வார்கள். சமவெளியில் அது நல்ல யோசனை. கணவாயில் அதையே செய்தால் கசிவு நின்று கொதிப்பு தொடங்கும். அங்கே கசிவை அடைத்தே ஆக வேண்டும். அதற்கு இரு குழம்புகளைக் கலந்து பூசும் இபாக்சி பசையும், வெட்டி ஒட்டத்தக்க ஓஸ் துண்டுகளும், பல அளவு கிளாம்புகளும் இருந்தால் போதும்.

பெல்ட்டைப் பற்றியும் ஒன்று. உங்கள் எஞ்சினில் ஒரே நீளப் பெல்ட் டைனமோ, வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர் எல்லாவற்றையும் சுற்றி ஓடுகிறதென்றால், ஏசி கம்ப்ரஸர் இறுகிக்கொண்டாலும் பெல்ட் கருகி அறுந்துவிடும். அடுத்த பெல்ட்டும் அதே வழியில் போகும். வீட்டில் ஒரு நூல்கயிற்றை எடுத்து, ஏசி கம்ப்ரஸரை விட்டுவிட்டு மற்ற புல்லிகளை மட்டும் சுற்றி அளந்து, அந்த நீளத்திற்கு ஒரு குட்டைப் பெல்ட் வாங்கிப் போட்டுப் பாருங்கள். வாட்டர் பம்ப் முன்பு சுற்றிய திசையிலேயே சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். திசை மாறினால் தண்ணீர் சரியாக ஓடாது. எல்லா எஞ்சினிலும் புல்லி அமைப்பு இதற்கு இடம்கொடுக்காது. கொடுத்தால் அது அதிர்ஷ்டம்.

நெடுவழியன்

இருவருக்கும் நன்றி. டர்போவும் நாசில்களும் இறங்கிவிட்டன. இரண்டு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. புதிதாக வாங்கும் பாகங்களை உதிரியாக வைத்துக்கொள்வதா, அல்லது புறப்படுவதற்கு முன்பே அவற்றைப் பொருத்திவிட்டு, கழற்றிய பழையதை உதிரியாக எடுத்துச் செல்வதா? மேலும், எனக்கு மின்சார வேலை சுத்தமாகத் தெரியாது. டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் இல்லாமல் போவது பயமாக இருக்கிறது.

வயர்க்காரர் (பதில்)

புதியதைப் பொருத்திவிட்டுப் பழையதை எடுத்துச் செல்லுங்கள் என்பதே என் கருத்து. பெட்டிக்குள் இருக்கும் புதிய பாகம் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பது பொருத்திப் பார்க்கும்வரை தெரியாது. கழற்றிய பழைய பாகமோ நேற்று வரை ஓடியது. அதைக் கழற்றிய கைக்கு மாட்டவும் தெரியும். புறப்படுவதற்கு முன்பு 2,000 கி.மீ.யாவது புதிய பாகங்களோடு ஓட்டுங்கள். புதியவற்றில் குறை இருந்தால் அது வீட்டுக்கருகே வெளிப்படட்டும்.

டைனமோவை முழுதாகச் சுமக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் தேய்வது அதன் பின்புறத்தில் உள்ள இரண்டு கார்பன் பிரஷ்களும் அவற்றோடு சேர்ந்த ரெகுலேட்டரும்தான். பல மாடல்களில் இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் ஒரே கட்டாகக் கிடைக்கும். மூன்று திருகுகளைக் கழற்றினால் மாற்றிவிடலாம். செல்ஃப் மோட்டாருக்கும் இப்படியே பிரஷும் சொலினாய்டின் செம்புத் தொடர்புகளும் போதும். டைனமோ முற்றிலும் செத்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். பகலில், முகவிளக்கு, ஏசி, விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எஞ்சினையும் நிறுத்தாமல் ஓட்டினால் நல்ல பேட்டரி கணினியையும் நாசில்களையும் கணிசமான நேரம் தாங்கும். இரண்டாவது பேட்டரி இருந்தால் நேரம் இரட்டிப்பாகும். 100 வாட் சோலார் பலகை ஒன்று நல்ல வெயிலில் ஏறத்தாழ 5 ஆம்பியர் கொடுத்து அதைச் சற்று நீட்டிக்கும்.

ஆனால் உண்மையில் உங்களை நிறுத்தப் போவது இவையல்ல. அந்தச் சாலைகள் நெளித்தகரம் போல வரி வரியாக மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். மணிக்கணக்கில் அதில் அதிர்ந்து ஓடும் வண்டியில் பேட்டரி முனை தளரும், எர்த் வயர் அறும், சென்சார் இணைப்பு பாதி கழன்று நிற்கும். கணினி உடனே எஞ்சினின் சக்தியைக் குறைத்து விளக்கைக் காட்டும். ஏதோ பெரிய பழுது என்று நாம் நடுங்கிப்போவோம். ஸ்கேன் கருவியில் வரும் குறியீடு எந்த சென்சாரைக் காட்டுகிறதோ, அந்தச் சென்சாரை மாற்றுவதற்கு முன் அதன் சாக்கெட்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட தடவை அதோடு தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உதிரியாக, எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை மட்டும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அது செத்தால் இத்தகைய எஞ்சின் பெரும்பாலும் கிளம்பவே கிளம்பாது, எடையோ ஒரு சாவிக்கொத்து அளவுதான்.

முக்கியமான நட்டு, போல்ட்டுகளை இறுக்கியபின் நட்டின் மீதும் அதை ஒட்டிய இரும்பின் மீதும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மாலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், கோடு உடைந்திருக்கும் இடத்தில் நட்டு தளர்ந்திருக்கிறது என்று ஸ்பேனரே இல்லாமல் தெரிந்துவிடும். ஷாக் அப்சார்பர் போல்ட், வில்பட்டைகளை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட், டைனமோ தாங்கி, பேட்டரித் தட்டு ஆகிய நான்கையும் தவறவிடாதீர்கள்.

எண்ணெய்க்கை

வயர்க்காரர் சொன்னதில் ஒரு திருத்தம். ரப்பர் விஷயத்தில் பழையதை உதிரியாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆறு வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த பெல்ட் கழற்றும்போது நன்றாகத் தெரியும். வளைத்துச் சுருட்டி இரண்டு மாதம் பெட்டிக்குள் வைத்தால் வரிப்பள்ளங்களில் வெடிப்பு விடும். பெல்ட்டிலும் ஓஸிலும் வண்டியிலும் புதியது, பெட்டியிலும் புதியது என்பதே சரி. உலோகப் பாகங்களுக்கு அவர் சொன்ன முறை பொருந்தும்.

பிளேட்டுகளை, அதாவது வண்டியின் எடையைத் தாங்கும் வில்பட்டைகளைப் பற்றியும் சொல்ல மறந்துவிட்டேன். பின்பக்கப் பட்டை உடைந்தால், ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு மரக்கட்டையை வைத்து, இழுத்துக் கட்டும் பட்டையால் இறுக்கிக் கட்டி, நடை வேகத்தில் அடுத்த ஊர் வரை வரலாம். பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஒன்றும் யூ போல்ட் ஒரு ஜோடியும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை செய்து தருவதற்கு லாரி ஓடும் எந்த நாட்டிலும் ஆள் கிடைப்பார். ஆனால் உடையாமல் காக்க மிக எளிய வழி, நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்ட எடைக் குறைப்புதான்.

எல்லைக்கோடு (பதில்)

எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் வண்டி நின்றபின் நடக்கும் இன்னொரு சங்கடத்தில் சிக்கியிருக்கிறேன்.

வெளிநாட்டு வண்டியை ஒரு நாட்டுக்குள் கொண்டுபோகும்போது, இத்தனாம் தேதிக்குள் திரும்ப வெளியே எடுத்துச் செல்வேன் என்ற நிபந்தனையோடுதான் தற்காலிகமாக அனுமதிக்கிறார்கள். எஞ்சின் செத்து, உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும்போதே அந்தத் தேதி தாண்டிவிட்டால், வண்டியை இறக்குமதி செய்ததாகக் கருதிச் சுங்கவரி கேட்பார்கள். உங்கள் பாதையில் கிர்கிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா மூன்றும் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தின் உறுப்பினர்கள். தஜிகிஸ்தானும் மங்கோலியாவும் அதற்கு வெளியே. ஆகவே நீங்கள் ஒன்றியத்துக்குள் நுழைந்து, வெளியேறி, மறுபடி நுழைந்து, மறுபடி வெளியேறுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் வண்டிக்குக் கொடுக்கும் தாளில் உள்ள தேதியைப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் விசா தேதியும் அதுவும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வண்டி நின்றுவிட்டால் தேதி முடிவதற்கு முன்பே சுங்க அலுவலகத்துக்குச் சென்று, மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாளோடு நீட்டிப்புக் கேளுங்கள். நான் முடிந்தபின் சென்றேன். அதனால் மேசை மேசையாக ஒன்பது நாள் அலைந்தேன்.

எந்தப் பாகத்தையும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டுமானால், அனுப்புபவருக்குத் தேவைப்படுவது பாகத்தின் எண்தான். "ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உள்ள கறுப்புக் குழாய்" என்று தொலைபேசியில் விளக்கி வேறொரு குழாயைப் பெற்ற அனுபவம் எனக்குண்டு. வண்டியின் சேசிஸ் எண்ணையும், தேயக்கூடிய எல்லாப் பாகங்களின் எண்களையும், அவற்றின் படங்களையும் இணையம் இல்லாமலே திறக்கும்படி போனில் சேமித்து, ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

கைபேசி எட்டாத இடத்துக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி எடுத்துச் செல்லுங்கள். இரிடியம் வலையமைப்பு 66 செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகம் முழுவதையும் எட்டுகிறது. ஆனால் எல்லா நாட்டிலும் அதை வைத்திருக்க அனுமதி இல்லை. இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருந்து கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. உங்கள் பாதையில் உள்ள ஐந்து நாடுகளின் விதிகளையும் தனித்தனியே பாருங்கள்.

நெடுவழியன்

அனைவருக்கும் மிக்க நன்றி. எடை இப்போது 62 கிலோவில் நிற்கிறது. அதில் கருவிகள் மட்டும் 27 கிலோ. எண்ணெய்க்கை வீட்டில் வைத்தே தெரிந்துகொள்ளச் சொன்னதால், நேற்று இரவு எடுத்துச் செல்லவிருக்கும் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, தலையில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் ஃபில்டரை மாற்றி ஏர் எடுத்துப் பார்த்தேன். கால் மணி நேர வேலை என்று நினைத்தது ஐம்பது நிமிடம் ஆனது. ஃபில்டர் கிண்ணத்தின் வடிகால் திருகு சட்டத்தை ஒட்டி அமைந்திருப்பதால், பெட்டியில் எடுத்துவைத்த எந்த ஸ்பேனரும் அதற்குள் நுழையவில்லை. வழக்கமாக அந்த வேலைக்கு நான் பயன்படுத்தும் வளைந்த ஸ்பேனர், வீட்டுச் சுவரில் மாட்டிய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.